பெரிய அலைக்கு முன்னால்

“இந்தக் குப்பையைத் தொடைச்சாத்தாம்மா பூமி பேசும்.”

கம்ப்யூட்டர் திரையில் விரலை ஊன்றி ஓவியர் சொன்னதற்கு மெஷினக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடியில் லேசர் ஓட்டிப் பிழைக்கும் அவளுக்கு, பூமி பேசினாலும் ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ஒன்றுதான்.

திரையில் இருந்தது போன வருடத்து நிலநடுக்கம். மலைமேல் ஆய்வு நிலையத்தில் தரைக்கடியில் வைத்திருந்த கருவி எழுதிய அதிர்வுக்கோடு. அதைக் கனத்த கண்ணாடிக் கட்டிக்குள் புள்ளி புள்ளியாகப் பொறித்து, அந்த நிலையத்தின் தலைமை அலுவலக வரவேற்பறையில் வைக்கப் போகிறார்கள். ஓவியர் அதற்குப் ‘பூமியின் மூச்சு’ என்று பெயர் சூட்டியிருந்தார். போன மாதம் அவர் பொறித்த நட்சத்திரக் கூட்டம் ‘வானத்தின் மூச்சு’. அவர் கைபட்ட எதுவும் மூச்சு விடாமல் இருந்ததில்லை.

பெரிய அலைக்குக் கொஞ்சம் முன்னால், கோட்டின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள். நடுவில் ஓர் இடைவெளி, அப்புறம் மறுபடியும் முட்கள். குப்பை என்று ஓவியர் சொன்னது இதைத்தான்.

“அது இருக்கட்டும்,” என்றார் விஞ்ஞானி.

அந்த நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அதிர்ந்த அன்று ஏதோ கூட்டத்துக்காகக் கீழே நகரத்துக்கு வந்திருந்ததால் பிழைத்தவர். வந்ததிலிருந்து அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. மெஷினக்கா மனதுக்குள் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டமே கொடுத்துவிட்டாள்.

ஓவியர் விடுவதாக இல்லை. இதே பதிவை வைத்து விஞ்ஞானி எழுதிய கட்டுரையைப் போனில் எடுத்து நீட்டினார். அதில் அந்த முட்களை வெளித்தொந்தரவு என்று அவரே நீக்கியிருந்தார்.

“கட்டுரைக்கு ஆகாதது கலைக்கு மட்டும் ஆகுமா சார்?”

“அதுக்கு வேண்டாம். இதுக்கு வேணும்.”

அந்த இடைவெளியையாவது நிரப்பிவிடலாம், பல் போன வாய் மாதிரி இருக்கிறது என்று ஓவியர் இறங்கி வந்தார். அதுவும் கூடாது என்றார் விஞ்ஞானி. நிலையம் தரைமட்டமாகி, பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்பும் மண்ணோடு மண்ணாகி, கருவி மட்டும் தப்பியது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம், அதை இப்படியா அசிங்கப்படுத்துவது என்று ஓவியர் அங்கலாய்த்தார்.

“அதிர்ஷ்டம்தான்,” என்றார் விஞ்ஞானி, மணி கேட்டவனுக்கு மணி சொல்வதுபோல.

ஓவியர் போனைக் காதுக்குக் கொடுத்தார். உலகத்தில் ரசனை செத்துப்போன சேதியை யாருக்கோ சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

மெஷினக்கா கட்டியைத் துடைத்து மெஷினில் ஏற்றினாள். கண்ணாடிக்குள் விழுந்த புள்ளி விழுந்ததுதான், பிறகு எந்த ரப்பராலும் அழிக்க முடியாது. அதனால் ஓடவிடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொள்வது அவள் வழக்கம்.

“பூமி இவ்வளவு சீராவா சார் அடிக்கும்? கடிகாரம் மாதிரி இருக்கே.”

விஞ்ஞானி திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். அவள் அம்புக்குறியை இடைவெளிக்கு நகர்த்தினாள்.

“இங்க ஒண்ணுமே இல்லையே. வெறுமனே விட்டுடவா?”

“விட்டுடுங்க. அங்க கயிறு கால்ல மாட்டியிருக்கும்.”

“எந்தக் கயிறு சார்?”

விஞ்ஞானி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கருவி இருக்கிற பக்கம் ஸ்கிப்பிங் ஆடாதேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”