ஊதா மூடி

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். குழந்தையைக் குளிப்பாட்டி மச்சினியிடம் கொடுத்தான். பஸ் பிடித்து ஆய்வகம் போனான். ஃப்ரீசரைத் திறந்து மனைவியை வெளியே எடுத்தான்.

மனைவி என்றால் இப்போது இரண்டு குழாய். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த சீரம். ஊதா மூடிக் குழாயில், உறையாமலிருக்க மருந்து கலந்து பிரித்த பிளாஸ்மா. ரத்தத்திலுள்ள புரதங்களை வைத்துக் கர்ப்பிணிக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல எது நல்லது என்று ஒப்பிடுவது அவன் பிழைப்பு. ஆராய்ச்சிக்கு ஆள் குறைந்தபோது, கர்ப்பமாயிருந்த மனைவியையே சேர்த்துவிட்ட உத்தமன்.

அவளுக்கு ஊசி என்றால் உயிர் போகும். ரத்தத்தில் பிழைக்கும் இந்த வீரனுக்கோ அவளைக் குத்துவதைப் பார்க்கவே தெம்பில்லை; வெளியே நின்றான். துணைக்குப் போன மச்சினியும் அக்காவைப் போலவே முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வந்தாள். இதிலுமா ஜோடி என்று கேலி செய்தான்.

பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பிறகு சோதித்தபோது சிவப்பு மூடி ஆபத்து என்றது. ஊதா மூடி, கர்ப்பமே இல்லை என்றது. அப்படியானால் வயிற்றில் இருந்தது தலையணையா? கலந்த மருந்துதான் புரதத்தை மறைக்கிறது, பிளாஸ்மாவை நம்பாதீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான்.

“மத்த எல்லா ஜோடியும் ஒத்துப்போகுது தம்பி. இந்த ஒண்ணை எடுத்துடலாம்,” என்றார் ஆய்வகத் தலைவி.

எடுத்தால் கணக்கிலிருந்தும் அவள் போய்விடுவாள். “ரெண்டும் அவ ரத்தம் மேடம். பிளாஸ்மாதான் பொய் சொல்லுது.”

“ரத்தம் எடுக்கும்போது பாத்தீங்களா?”

“மச்சினி கூட இருந்தா...” சொன்ன வாய் மூடவில்லை. பஞ்சு ஞாபகம் வந்தது.

கடைசியாக மனைவி ‘பாப்பாவைப் பாத்துக்கோங்க’ என்றதாகத்தான் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். உண்மையில், ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் சட்டையைப் பிடித்திழுத்து அவள் சொன்னது வேறு. வலியில் உளறுகிறாள் என்று தலையாட்டி வைத்தான்.

“ஏங்க, மறுபடி குத்தணும்னதும் நான் அழுதேன், அந்த ஊதா மூடிக்குத் தங்கச்சி கையை நீட்டிட்டா. அவளைத் திட்டாதீங்க.”