குணசீலியின் மன்னிப்பு

சனிக்கிழமை காலையில் குணசீலியின் வீட்டு வாசலில் கொழுந்தன் செல்வின் வந்து நின்று அழுதான். ஐந்து வருஷத்துக்கு முன்பு குடித்துவிட்டுக் காரோட்டி, குணசீலியின் ஒரே மகளைக் கொன்றவன் அவன்.

"மன்னிச்சிட்டேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்களே மைனி. நேத்து ராத்திரிதான் நான் தூங்குனேன்."

குணசீலி அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவன் நீட்டிய செல்போனில், சபையின் செயலி வழியாக வந்திருந்தது அவள் குரல்தான். செருப்பைக்கூடப் போடாமல் போதகர் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்குத் திருவிருந்தும்மா. மனஸ்தாபத்தோட யாரும் அப்பம் வாங்கக் கூடாது பாருங்க," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "அதான் யாருக்கு யார் மேல கசப்புன்னு நம்ம சபையோட செயலியே கண்டுபிடிச்சு, அவங்கவங்க குரல்ல மன்னிப்பு அனுப்பிடுது. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்."

"அந்தச் சிரமத்தைத்தான் ஐயா அஞ்சு வருஷமா முழங்கால்ல நின்னு பட்டேன். அவன் பேரைச் சொல்லி ஜெபிக்கிற வரைக்கும் வந்துட்டேன். இன்னும் கொஞ்ச தூரந்தான் பாக்கி. அதைப் பிடுங்கிட்டீங்களே. இனி அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

போதகர் வாய் திறப்பதற்குள் மேசையில் கிடந்த அவருடைய செல்போன் பேசியது. குணசீலியின் குரல்தான். ஆனால் அவளிடம் அப்போது இல்லாத கனிவு அதில் இருந்தது.

"ஐயா, உங்களை மனசார மன்னிச்சிட்டேன்."