ஒரு நொடி முன்னால்

வேலூரிலிருந்து அவன் கூப்பிடுவது விண்டோஸ் மடிக்கணினியில் வரி வரியாக வந்து விழுந்தது.

அவளுடைய மேக்கில் விழவில்லை.

ரேடியோ ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு ஒயர் பிரித்து இரண்டு கணினிகளுக்கும் கொடுத்திருந்தாள். காற்றில் வரும் கீச்சொலியை எழுத்தாக்கித் தருவது மென்பொருளின் வேலை. ஒன்று எழுதிக்கொண்டே இருந்தது. இன்னொன்று சும்மா உட்கார்ந்திருந்தது.

எழுதிக்கொண்டிருந்தது அவனுடைய மென்பொருள். சும்மா உட்கார்ந்திருந்தது அவள் எழுதியது.

காலையில் நாகப்பட்டினத்திலிருந்து செபஸ்தியான் போன் செய்திருந்தார். புயலில் செல்போன் கோபுரங்கள் சாயும்போது ஊர் ஊராகச் செய்தி கடத்தும் ஹாம் ரேடியோக்காரர்களில் ஒருவர்.

"வேலூர் சாரு புது வெர்ஷன் போட்டதுலேந்து லினக்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது மேடம். அவருகிட்ட கேட்டா உங்களக் கேக்கச் சொல்றாரு. நாளைக்குப் புயல் ஒத்திகை வேற இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிட்டாத் தேவல."

அவர்கள் இரண்டு பேரும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

ரேடியோ செய்த கம்பெனி ரேடியோவோடு நிறுத்திக்கொண்டது. அதைக் கணினியோடு சேர்க்கும் மென்பொருளை ஹாம்களே எழுதி, ஹாம்களுக்கே இலவசமாகக் கொடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோசுக்கு அவன் எழுதினான். மேக்குக்கும் லினக்சுக்கும் அவள் எழுதினாள். கல்யாணமான புதிதில், ஒரே மேசையில் உட்கார்ந்து.

மற்ற வீடுகளில் சாம்பாரில் உப்புக்குச் சண்டை வரும். இங்கே ஒரு நொடிக்கு வந்தது.

கீச்சொலியில் பேசும் இந்த முறையில் ஒருவர் கால் நிமிடம் அனுப்புவார். அடுத்தவர் கால் நிமிடம் கேட்பார். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடங்கினால்தான் எழுத்து வரும். அவனுடைய மென்பொருள் எப்போதும் ஒரு நொடி முன்னால் தொடங்கியது.

சொன்னாள்.

"உன்னோடதுதான் லேட்டு," என்றான்.

மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னான்.

அதற்குமேல் சொல்லவில்லை. தன் மென்பொருளில் ஒரு வரி சேர்த்தாள். அன்றிலிருந்து அதுவும் ஒரு நொடி முன்னாலேயே அனுப்பியது, ஒரு நொடி முன்னாலேயே கேட்டது. இரண்டும் நன்றாகப் பேசிக்கொண்டன. ஒருவழியாக அவள் தன் தப்பைத் திருத்திவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம். அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்படி வளைந்து கொடுத்த இடங்கள் அந்த வீட்டில் நிறைய உண்டு. ஒரே ஒரு தடவை, தவறு தன்னுடையது என்று அவன் சொல்லியிருந்தால் இன்று தஞ்சாவூரில் தனியாக இருக்க மாட்டாள். வக்கீலிடமும் இதையேதான் சொன்னாள். அதையெல்லாம் மனுவில் எழுத முடியாதும்மா என்றார் அவர். வரும் புதன்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சம்மதம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள்.

புது வெர்ஷனில் என்ன மாற்றினான் என்று அவனுடைய வலைத்தளத்தைத் திறந்து பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் அவன் தன் பெருமையைப் பக்கம் பக்கமாக அளப்பான். இந்த முறை ஒரே வரி.

இதுவரை ஒரு நொடி முன்னால் தொடங்கிக்கொண்டிருந்தது, தவறு என்னுடையது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து இன்னொரு தடவை படித்தாள். முதலில் ஆத்திரம்தான் வந்தது. யார் யாரோ படிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறான். அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கண் கலங்கியது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

இப்போது தவறு அவள் பக்கம். அவன் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான். அவனுக்காக ஒரு நொடி முன்னால் போனவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

தன் மென்பொருளில் அன்று சேர்த்த அந்த வரியைத் தேடி அழித்தாள். புது வெர்ஷனைத் தளத்தில் ஏற்றினாள். செபஸ்தியானுக்கு எழுதினாள். தப்பு என்னுடையதுதான், சரி செய்துவிட்டேன், எல்லோரையும் புதியதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தாள், எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாள் என்று.

மேக்கில் முதல் வரி விழுந்தது.

அவன் பொது அழைப்பு விட்டுக்கொண்டிருந்தான். யார் காதில் விழுந்தாலும் பதில் தரலாம். தராமலும் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மத்தியான வெயிலில் ஒருவரும் பதில் தரவில்லை. அவன் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய அழைப்புக்குறி, காற்றில் அவளுடைய பெயர், போயிற்று.

பதில் வந்தது. இந்த முறையில் கதை பேச இடமில்லை. நீ அனுப்புவது எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று ஓர் எண் அனுப்பலாம், அவ்வளவுதான். அவன் அனுப்பினான். அவளும் தன் பங்குக்கு ஓர் எண் அனுப்பினாள்.

கிடைத்தது என்று வந்தது.

இனி அவள் 73 அனுப்ப வேண்டும். ஹாம்கள் விடைபெறும் எண் அது. அது போய்ச் சேரும்வரை எதிர்ப்பக்கம் நிறுத்தாது, கிடைத்தது என்பதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லா ஹாம்களும் மரியாதையாக உடனே அனுப்பிவிடுவார்கள்.

கிடைத்தது.

கிடைத்தது.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிடைத்தது.