கடைசிக் கட்டத்துக் குரங்கு

துவைச்சுப் போட்ட துணிகூடச் சாயங்காலம் கொடியைவிட்டு இறங்கிடும். இறங்கவே வழியில்லாம ஒருத்தன் தொங்கினா எப்படி இருக்கும், சொல்லுங்க?

ஒரு படக்கதைப் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில், ஒரு குரங்கு கிளையைப் பிடித்துத் தொங்கியது. கீழே முதலை வாயைப் பிளந்திருந்தது. ‘தொடரும்’ என்று போட்டிருந்தார்கள். அடுத்த இதழ் வரவேயில்லை.

பல வருஷம் கழித்து, படக்கதைகளை ஆராய்கிற ஒரு அம்மா அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதினார்.

“பென்சிலண்ணே, என்னைக் காப்பாத்தவா எழுதுறாங்க?” என்றது குரங்கு.

“இல்லப்பா. நீ தொங்குற அழகு நம்ம கதைமரபுக்கே பெருமையாம்.”

“கை வலிக்குதுண்ணே. காலுக்குக் கீழே ஒரு கிளை வரைஞ்சு விடுங்களேன்.”

“எனக்கு எழுதத்தான் வரும், வரைய வராது.”

குரங்கு முதலையைப் பார்த்தது.

“அப்போ உங்க தலையில இருக்கிற ரப்பரால என் விரலை அழிச்சுடுங்கண்ணே. கதையாவது முடியட்டும்.”