கட்டை வைத்த ஜீப்

கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, மெக்கானிக் அந்த ஜீப்காரரை முகத்துக்கு நேரே கஞ்சன் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஜீப்காரர் அதற்கும் சிரித்தார். சாவியை வாங்கிக்கொண்டு, புதிதாக உயர்த்திய வண்டியில் தொற்றி ஏறிப் போனார்.

விஷயம் இதுதான். ஜீப்காரர் ஆள் ஏற்றிப் போய்வரும் மேட்டுக் குடியிருப்புப் பாதை ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடை முழுக்கக் கல். பெரிய டயர் மாட்டணும், வண்டியை உயர்த்திக் கொடுங்கள் என்று வந்தார் ஜீப்காரர். உயர்த்த இரண்டு வழி உண்டு. புது ஸ்பிரிங் போட்டு, அடிச்சட்டமான சேஸோடு சேர்த்து வண்டி மொத்தத்தையும் தூக்குவது ஒன்று. சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பார்கள். சேஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து, பாடியை மட்டும் தூக்குவது இன்னொன்று. அது பாடி லிஃப்ட். செலவு குறைவு, ஒரே நாளில் முடியும்.

ஜீப்காரர் கட்டைதான் வேண்டும் என்றார்.

மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். கல் தட்டுவது அடியில். கட்டை வைத்தால் அடி இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

"குள்ளனுக்குத் தொப்பி மாட்டின மாதிரிண்ணே. பாக்கத்தான் உசரம். தண்ணியில எறங்கினா தெரிஞ்சிடும்."

புது ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடுமா என்று கேட்டார் ஜீப்காரர். முதலில் விறைப்பாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் படிந்துவிடும் என்றார் மெக்கானிக். ஆறு மாசமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய ஸ்பிரிங்கே இருக்கட்டும் என்று ஜீப்காரர் முடித்துவிட்டார். காசு கொடுக்கக் கை நீளாதவனுக்கு ஆயிரம் சாக்கு என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள், ஓடை நடுவில் வண்டியின் அடி ஒரு கல்மேல் வசமாக உட்கார்ந்துவிட்டது. ஜீப்காரர் இறங்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துக் கல்லைப் புரட்டப் பார்த்திருக்கிறார். பாசிக் கல்லில் ஜாக்கி வழுக்கிவிட்டது. கூட ஆள் இல்லை. அந்த வழியாக நடந்து வந்தவர்கள் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டு வாசலில் போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, வண்டிக்குக் கட்டை வைத்தது யார் என்பதுதான்.

கூட்டத்திலிருந்து மெக்கானிக் முன்னே வந்தார். இருபது வருஷம் சேர்த்த பெயர் அன்றோடு போய்விடுமோ என்று பயந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டதைச் சொன்னார். போலீஸ்காரர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அதன்பிறகு யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. கஞ்சத்தனம் ஆளையே தின்னுடுச்சு பாருங்க என்று, ஜீப்காரர் மனைவியின் காதில் விழும் தூரத்தில் நின்றே சொன்னார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான், உள்ளே ஒரு நாற்காலியில் தன் தங்கை இருப்பதைக் கவனித்தார்.

அப்பா வீட்டைப் பங்கு பிரித்ததில் வந்த மனத்தாங்கல். ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை. போன வருஷம் அவள் படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது காதுக்கு வந்தது. மேட்டுக் குடியிருப்பில் தனியாகத்தான் இருக்கிறாள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இவர் இருந்துவிட்டார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலேயே வந்தாள். இடுப்பிலிருந்து மார்பு வரை தடித்த பட்டை கட்டியிருந்தது.

"அண்ணே, அவரைக் கஞ்சன்னு சொல்லாதீங்க."

"வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. வாரம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அவர் ஜீப்புலதான் போயிட்டு வந்தேன். நடுவுல ஒருநாள் அவருக்கு முடியலன்னு, புது ஸ்பிரிங் போட்ட வேற வண்டியை அனுப்பினாரு. ஓடை தாண்டுறதுக்குள்ள வலி தாங்காம மயங்கிட்டேன். கேட்டுட்டு, உன் முதுகு தேர்ற வரைக்கும் ஸ்பிரிங்குல கை வெக்க மாட்டேம்மான்னாரு."

மெக்கானிக் அவள் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துட்டிருந்தாரு."

மெக்கானிக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அந்த மனுஷன்? பழைய ஸ்பிரிங்கையே வெச்சு வேற ஏதாவது வழி பண்ணியிருப்பேனே. வழியா இல்ல?"

"உங்ககிட்ட சொல்லச் சொல்லி நானும்தான் சொன்னேன். அவர்தான் வேண்டாம்னுட்டாரு." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்காகன்னு தெரிஞ்சா நீங்க வண்டியையே தொட மாட்டீங்கன்னு பயந்தாரு."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவரால் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் பதினாலு வாரம் சிகிச்சை பாக்கி இருந்தது. மேட்டுக்குப் போய்வர, அவள் முதுகு தாங்குகிற வேறு வண்டி இல்லை.