துடைத்தால் போகிற துரு

கன்டெய்னர் கதவைத் திறந்ததும் ஊறிப்போன அட்டையின் வாடை முகத்தில் அறைந்தது.

இரண்டு மாதம் கடலில் போய், வாங்க வேண்டியவன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, எங்கள் தொழிற்சாலை வாசலுக்கே திரும்பி வந்திருந்தன மீன் டின்கள். ஆயிரத்து எண்ணூறு பெட்டி. மேலே இருந்தவற்றைத் தொட்டால் அட்டை கையோடு பிய்ந்து வந்தது.

மேனேஜர் அதற்குள் ஐந்து பெண்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு துணியும் எண்ணெய்க் கிண்ணமும் கொடுத்திருந்தார். துருவைத் துடைத்து, புது லேபிள் ஒட்டி, நாளைக் காலையில் விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைகளுக்கும் அனுப்பிவிடுவது அவர் திட்டம். தரப் பரிசோதகர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அதாவது நான்.

"மேலாக்கதாம்மா துரு. துடைச்சா போயிடும். போடு" என்று படிவத்தோடு பேனாவை நீட்டினார்.

இன்னும் இருபது நாளில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். வாய்விட்டு அதைச் சொல்லவில்லை. பேனாவை நீட்டிய விதத்திலேயே எல்லாம் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

துடைத்து முடித்த டின் ஒன்றை எடுத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. விளிம்பு மடிப்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினேன். ஊசி முனையளவு ஓட்டை. உள்ளே இருந்த சாறு கசிந்து விரலில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பத்து டின்னைச் சுரண்டினால் மூன்று அப்படி. மற்ற ஏழும் என்றைக்கு ஓட்டையாகும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார் மேனேஜர். மனுஷனிடம் எதற்கும் ஒரு வழி இருக்கும்.

நான் கன்டெய்னருக்குள் ஏறினேன்.

பகல் வெயிலுக்கும் ராத்திரிக் குளிருக்கும் அந்த இரும்புக் கூடு உள்ளுக்குள்ளேயே வியர்க்கும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் சுவரோரம் வரிசையாகப் பொடி அடைத்த பைகளைத் தொங்கவிடுவது. கடலைத் தாண்டி வந்தவை ஊறிக் கனத்திருக்க வேண்டும். கட்டிய நாளில் இருந்ததுபோலவே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவேயில்லை.

ஒன்றை அறுத்து வந்து வெளிச்சத்தில் காட்டினேன்.

"எந்தப் புத்திசாலி பார்த்த வேலைடி இது!" என்று ஒருத்தி சொல்ல, ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் காத்துன்னு எழுதிடும்மா. கடலை யாரும் விசாரணைக்குக் கூப்பிடப் போறதில்ல. பையைக் கட்டின ஆள் பாவம், வேலை போயிடும்."

பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். எந்த வீட்டு அடுப்பு அணையப்போகிறதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"போகட்டும் சார். இதைத் தின்னுட்டு ஒரு நோயாளி உசுரு போறதுக்கு, ஒரு ஆளோட வேலை போனா போகட்டும்."

கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்.

பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஒரு டின்கூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது, அத்தனையும் அழிக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், உறை பிரிக்காமல் கட்டிய பைகள் என்று எழுதினேன். அடுத்த கட்டம், பொறுப்பானவர் பெயர்.

"வேணாம்மா" என்றார் மேனேஜர். இந்தத் தடவை அவர் குரல் இறங்கியிருந்தது.

இந்தக் கன்டெய்னரை ஏற்றி அனுப்பிய அன்றைக்கு லோடு ஏற்றும் மேஸ்திரி வரவில்லை. வாசலில் லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். உறையைப் பிரித்தால் பொடி பெட்டிகள்மேல் கொட்டிவிடுமே என்று ஒவ்வொரு பையையும் பார்த்துப் பார்த்துக் கட்டியது நான்தான்.

முழுப் பெயரையும் எழுதினேன், இனிஷியலோடு.