வேற நல்ல இடம்

"மலைக்குப் போற ரோடு சரிஞ்சு போச்சு சார். ஒரு வாரத்துக்கு வண்டி போகாது. டூரோட கடைசி நாலு நாளை வேற ஊருக்கு மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டாள் டிராவல்ஸ் ஆபீஸ் பெண்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் முகம் தொங்கிவிட்டது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பன்னிரண்டு நாள் பயணத்துக்குத் தன்னந்தனியாகக் கிளம்பியவர். எட்டு நாளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு, பஸ் மாறுவதற்காக இந்த ஊரில் இறங்கியிருந்தார். ஆபீசுக்குள் வந்த பிறகும் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றவில்லை.

"எந்த ஊரா இருந்தாலும் சரிம்மா. என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட அங்க இருக்கக் கூடாது. அந்த மலையில மனுஷங்களைவிடக் குரங்குதான் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டுத்தான் எடுத்தேன்."

"ஏரிக்கரை ஊர் இருக்கு சார். படகுல போகலாம்."

"ஐயோ, அங்கேயா! போன வருஷம்தான் அங்க ஒண்ணு முடிச்சேன். சொந்தக்காரங்க இன்னும் கொதிச்சுப்போய் இருக்காங்க."

கட்டட காண்ட்ராக்ட் ஏதாவது எடுத்து, சுவரில் விரிசல் விட்டிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அப்ப அருவிப் பக்கம் போங்களேன். நல்ல சீசன்."

"அது இன்னும் மோசம். ஒரே வீட்டுல ரெண்டு பேர். மூத்தவளை முடிச்சேன், ஆறே மாசத்துல சின்னவளையும் முடிச்சேன். அவங்க அண்ணன் என் போட்டோவைப் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டுத் தேடறானாம்."

அவள் கையிலிருந்த மவுஸ் தானாக நகர்ந்து, திரையில் எங்கேயோ போய் நின்றது. இது சுவர் விரிசல் விவகாரம் இல்லை என்று இப்போது புரிந்துவிட்டது.

"க... கடற்கரை?"

"அங்க எத்தனைன்னு எனக்கே ஞாபகம் இல்லம்மா. ஒரு டாக்டர்கூட உண்டு. லேசுல சிக்கலை மனுஷன். ரெண்டு வருஷம் பின்னாடியே அலைஞ்சுதான் முடிச்சேன்." பெரியவர் அந்த நாளை நினைத்துக் கொஞ்சம் பூரித்துப்போனார். "முப்பது வருஷ அனுபவம். நான் கை வெச்சா அவ்வளவுதான், தப்பவே முடியாது."

எதையாவது பேச வேண்டுமே என்று, "வீட்டுல யாரும் கூட வரலையா சார்?" என்றாள்.

"எனக்குக் குடும்பம் கிடையாது. இந்தத் தொழிலைப் பார்த்த எவனுக்கும்மா குடும்பம் நடத்தத் தைரியம் வரும்?"

மேசைக்கு அடியில் செல்போனை எடுத்தாள். போன மாதம் மாற்றலாகி வந்த பெண் இன்ஸ்பெக்டர், ஊருக்குப் போக இங்கேதான் டிக்கெட் எடுப்பார். நம்பர் இருந்தது. "மேடம், கூலிக்குக் கொலை செய்கிறவன் என் எதிரில் இருக்கிறான். ஓடி வாருங்கள்" என்று அனுப்பினாள். 'பத்து நிமிஷம் பிடித்து வை' என்று பதில் வந்தது. பிடித்து வைப்பதற்கு இது என்ன கன்றுக்குட்டியா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வடக்க ஒரு தீவு இருக்கு சார். கலங்கரை விளக்கம், நாலு மீனவர் வீடு. வேற ஒண்ணுமே கிடையாது. கரை வரைக்கும் பன்னெண்டு மணி பஸ், அப்புறம் படகு."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலே வீடா? அங்க நான் ஒண்ணுமே முடிச்சதில்லையே! வேற நல்ல இடம் இதைவிட ஏது? போடுங்கம்மா டிக்கெட்டை. பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிடறேன்."

அவள் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். தட்டியதை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். பிரிண்டரில் காகிதத்தை வேண்டுமென்றே கோணலாகச் செருகினாள். பெரியவர் பொறுமையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளைத் தலையிலிருந்து கால்வரை அளப்பதுபோல் இருந்தது.

"உங்களுக்கு என்னம்மா, ஒரு இருபத்தெட்டு இருக்குமா?"

"ஆ... ஆமாம்."

"உங்களை முடிக்கிறது ஒரு வார வேலை. ஒரு போட்டோவும் வீட்டு விலாசமும் குடுத்தாப் போதும். என்ன செய்ய, ரிட்டயர் ஆயிட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "பாவம், தங்கமான பொண்ணா இருக்கீங்க. உங்களுக்காக வேணும்னா கடைசியா ஒரு தடவை..."

"வேண்டாம் சார்! எங்க அம்மாவுக்கு நான் ஒரே பொண்ணு!"

"ஒரே பொண்ணா? அப்ப இன்னும் சுலபமாச்சே!"

அவள் நாற்காலியோடு சுவர்வரை பின்னுக்குப் போன அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே பாய்ந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் திரும்பினார். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் ரத்தமெல்லாம் வற்றியதுபோல் வெளுத்து, மேசைக்குக் கீழே குனிந்தார். குனிந்ததில் தொப்பியும் கண்ணாடியும் தரையில் விழுந்தன.

இன்ஸ்பெக்டர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். உறையிலிருந்த துப்பாக்கியின் மேல் வைத்திருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க! பதினோரு வருஷமா ஊர் ஊரா உங்களைத்தான் தேடறேன்."

"நான்தான் மேடம் பிடிச்சு வெச்சேன்," என்றாள் அந்தப் பெண், உயிர் திரும்பிய குரலில். "மொத்தம் எத்தனை கொலை மேடம்?"

"கொலைகாரனா இருந்தா பேசாம கோர்ட்டுல ஒப்படைச்சிருப்பேனே," என்று பல்லைக் கடித்துக்கொண்டே பெரியவரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார் இன்ஸ்பெக்டர்.

"அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரை எனக்கு முடிச்சு வெச்ச கல்யாணத் தரகர் இவர்!"